வள்ளலா? வணிகரா?

சேர்வராயன் மலையின் அடிவாரத்திலே நின்று அண்ணாந்து பார்ப்போர்க்கு, மலையின் முடி தெரியுமுன் கண்ணிற்படுவது மலையேறும் கார்களின் வரிசைதான். மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் பழைய வளைவைக் கடந்து, சேலத்திலிருந்து நேராக வந்த சாலை, இங்கே நெளியத் தொடங்குகிறது. ஏற்காடு சென்று சேர இருபது கொண்டை ஊசி வளைவுகள்! கோடை பிறந்துவிட்டால், குளிர் தேடிச் செல்லும் குடும்பங்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டே ஏறுகின்றன. நம் பள்ளிப் பிள்ளைகட்கு அவ்வண்டிகளின் பெயர்களெல்லாம் மனப்பாடம். வாய்பாட்டில் இடறுகிற சிறுவன்கூட, வளைவிலே திரும்பும் வண்டியின் ஓசை கேட்டே அதன் குலங்கோத்திரம் கூறிவிடுகிறான். குலங்கோத்திரம் கேட்பது நமக்கு ஆகாத பழக்கம். எனினும் இரும்புக்கு மட்டும் விலக்கு அளிக்கலாமன்றோ!

ஆசிரியப் பணி ஏற்ற நாள்முதல், இப்பிள்ளைகட்கு ஆண்டுதோறும் ஒரு கதை சொல்லி வந்தோம். ஹென்றி ஃபோர்டின் கதை. 1863-இல் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்திலே ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர்; ஏரைவிட எந்திரத்தை நேசித்தவர்; 1903-இல் தம் பெயரால் கார் நிறுவனம் தொடங்கியவர்; செல்வச் சீமான்களின் பொழுதுபோக்காயிருந்த காரைச் சாமானியனின் வாயிலிலே கொண்டுவந்து நிறுத்தியவர்; 1914-இல் தம் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 5 டாலர் என அறிவித்து உலகை வியக்க வைத்தவர். கதையை முடிக்கும்போது கரும்பலகையிலே பெரிதாக எழுதுவோம், "வள்ளல்" என்று. கொல்லிமலை ஓரியும், தகடூர் அதியமானும் வாழ்ந்த மண்ணுக்கு அண்டை வீட்டார் நாம். முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. ஏழைக்குக் கார் ஈந்தார் ஃபோர்டு — சொல்லும்போது நாவுக்கு இனிக்கத்தான் செய்தது.

சென்ற ஆண்டு, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா! பாரி தேரைச் சும்மா கொடுத்தான். ஃபோர்டு காரை விற்றார். விற்றவர் எப்படி வள்ளல் ஆவார்?"

வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க முடியவில்லை. கேட்டவன் சிறுவன், கேள்வி சிறிதன்று. அவ்வறையிலே அமர்ந்திருந்த பிள்ளைகளில் சிலர், மலைமேல் காப்பித் தோட்டத்திலே கூலி பெறும் தாய்மாரின் மக்கள். வெள்ளைக்கல் வெட்டித் தழும்பேறிய கைகளையுடைய பாட்டன்மாரின் பேரர்கள் சிலர். நாளை இவர்களிற் பலர் ஏதேனுமொரு தொழிற்சாலையின் வாயிலிலே நிற்கப் போகிறவர்கள். கூலியைக் கும்பிட்டு வாங்கப் போகிறார்களா, நிமிர்ந்து நின்று வாங்கப் போகிறார்களா? அதனை முடிவு செய்வதில், கரும்பலகையில் நாம் எழுதும் ஒரு சொல்லுக்கும் பங்குண்டு. ஆகவேதான் அக்கேள்வியை வீட்டுக்கு எடுத்துச் சென்றோம், நூல்களைப் புரட்டினோம், இப்போது உங்கள்முன் வைக்கிறோம்.

முதலில், ஃபோர்டுக்குரிய புகழை வஞ்சகமின்றி வழங்கிவிடுவோம். 1908-இல் வெளிவந்த அவருடைய 'டி மாடல்' காரின் தொடக்க விலை சுமார் 850 டாலர். பின்னர் ஆண்டுதோறும் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1920-களிலே 300 டாலருக்கும் கீழே இறங்கிற்று. 1927-இல் அம்மாடலை நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. இது மந்திரமுமன்று, மாயமுமன்று. 1913-இல் அவருடைய தொழிற்சாலையிலே ஒரு புதுமுறை புகுந்தது. தொழிலாளி வண்டியைத் தேடிச் செல்வதில்லை. வண்டியே நகர்ந்து தொழிலாளியிடம் வரும். ஒருவன் ஒரு திருகாணியை முடுக்குவான், அடுத்தவன் அடுத்ததை. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று முன்பு. ஓராண்டுக்குள்ளாக ஒன்றரை மணி நேரமே போதுமென்றாயிற்று.

எந்திரத்தைக் கண்டு அஞ்சி, இராட்டையின் பின்னே ஒளிந்துகொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர் நாம். தந்தை பெரியார் 'இனிவரும் உலகம்' என்னும் தம் நூலிலே, காரின் எடை வெகுவாகக் குறையும், பெட்ரோலின் இடத்தை மின்சாரம் பிடிக்கும் என்றெல்லாம் எண்ணிப் பார்த்தவர். பாட்டாளியின் முதுகுச் சுமையை இறக்க வந்த எந்திரத்தை வரவேற்பதே பகுத்தறிவு. ஆனால் எந்திரத்தை வரவேற்பது வேறு. எந்திரத்தின் உடைமையாளனைத் தெய்வமாக்குவது வேறு. தெய்வங்களைக் குறைக்கப் புறப்பட்டவர்கள், பட்டியலிலே புதிதாக ஒன்றைச் சேர்க்கலாமா?

அந்த 5 டாலருக்கு வருவோம். அதற்கு முன்பு நாட்கூலி இரண்டரை டாலருக்கும் குறைவு. ஒரே அறிவிப்பில் இரட்டிப்பாயிற்று. வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைந்தது. ஏன்? இரக்கத்தாலா? நகரும் வரிசையிலே, காலைமுதல் மாலைவரை ஒரே திருகாணியை முடுக்குவதைப் பொறுக்க மாட்டாமல், தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்தனர். 1913-ஆம் ஆண்டிலே, நூறு பேர் வேலையில் நிலைத்திருக்க வேண்டுமென்றால் முந்நூறு பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. புதியவனுக்குப் பழக்கும் செலவு, நின்றுபோகும் வரிசையால் நேரும் நட்டம் — இவற்றைக் கணக்கிட்டபோது, கூலியை உயர்த்துவதே இலாபமென்று தெரிந்தது. சார்லி சாப்ளின் 1936-இல் 'மாடர்ன் டைம்ஸ்' படத்திலே, திருகாணி முடுக்கி முடுக்கிப் பித்தேறிய தொழிலாளியாக நடித்துக் காட்டினாரே, அந்தப் பித்துக்குக் கொடுத்த விலைதான் அக்கூலி உயர்வு.

"கணக்குப் பார்த்துச் செய்தாலென்ன, நன்மை நன்மைதானே?" என்பர் நண்பர். உண்மை. அந்த 5 டாலரில் வாங்கிய பால், ஈகையால் வந்த காசில் வாங்கிய பாலினும் சத்துக் குறைந்ததன்று. குழந்தையின் வயிறு, கொடுத்தவன் நெஞ்சத்தை ஆராய்வதில்லை. ஆகவே, நன்மை விளைந்ததா என்று காண எண்ணத்தை ஆராய வேண்டியதில்லை. விளைவைப் பார்த்தாற் போதும். ஆனால் நன்மை விளைந்ததென்பதற்காக நாம் ஒருவர்க்குக் கட்டுப்பட்டவராவோமா என்பது தனிக் கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதிலேதான், உலகத்து எசமானர்களின் சாமர்த்தியம் அனைத்தும் அடங்கியிருக்கிறது.

ஃபோர்டு என்ன செய்தார்? அந்த 5 டாலரை இரு கூறாக்கினார். ஒரு கூறு கூலி. மறு கூறு 'இலாபப் பங்கு'. கூலி உழைத்தவர்க்கெல்லாம் உண்டு. இலாபப் பங்கோ, 'ஒழுங்காக வாழ்பவர்'க்கு மட்டும்! எது ஒழுங்கு என்று முடிவு செய்யத் தனியாக ஒரு துறையே அமைத்தார். அத்துறையின் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக் கதவைத் தட்டினர். குடிக்கிறாயா? சேமிக்கிறாயா? வீடு துப்புரவாயிருக்கிறதா? கூடத்தில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாயா? பதில் பிடிக்காவிட்டால் பங்கு நிறுத்தப்படும். பெண் தொழிலாளர்க்குத் தொடக்கத்திலே அப்பங்கே கிடையாது. குடிப்பதை நாமும் வெறுக்கிறோம். துப்புரவை நாமும் போற்றுகிறோம். ஆயினும், எட்டு மணி நேர உழைப்பை விலைக்கு வாங்கியவன் எஞ்சிய பதினாறு மணி நேரத்துக்கும் காவலன் ஆவானானால், அது கூலியா, விலையில்லாமல் வாங்கிய அடிமைச் சீட்டா?

இன்னும் ஒரு காட்சி. பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்க்கு ஆங்கிலம் கற்பிக்க ஒரு பள்ளி வைத்தது அந்நிறுவனம். கல்வி நல்லதே, ஆசிரியராகிய நாம் அதைக் குறை கூறோம். ஆனால் அப்பள்ளியின் பட்டமளிப்பு விழா எப்படி நடந்தது தெரியுமா? மேடையிலே மாபெரும் கொப்பரை ஒன்று. தத்தம் தாய்நாட்டு உடையணிந்து வந்தோர் அதற்குள்ளே இறங்குவர். மறுபக்கம் ஏறி வரும்போது, எல்லோரும் ஒரே மாதிரி அமெரிக்க உடையணிந்து, கையிலே அமெரிக்கக் கொடி பிடித்திருப்பர். 1916-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த கூத்து இது. அதே 1916-இல் நம் நாட்டிலே மறைமலையடிகள், வேதாசலம் என்ற தம் பெயரையும் தமிழாக்கித் தனித்தமிழ் இயக்கம் கண்டார். ஒருபுறம் மொழியைக் கரைக்கும் கொப்பரை. மறுபுறம் மொழியைக் காக்கும் கோட்டை! இவ்விரு பெயர்களும் பின்னாளில் ஓரிடத்தில் சந்திக்கப் போவதை அன்று யார் கண்டார்? அதனைப் பின்னர்க் காண்போம்.

வள்ளலின் முகத்திலே வேறு வடுக்களும் உண்டு. பிற முதலாளிகள் சேர்க்கத் தயங்கிய நாளில், கறுப்பினத் தொழிலாளரை அவர் பெருந்தொகையாக வேலைக்குச் சேர்த்தார் — பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்களிற் பெரும்பாலோர் எங்கே நிறுத்தப்பட்டனர்? இரும்பை உருக்கி வார்க்கும் உலைக்களத்திலே! வெப்பமும் புகையும் மிகுந்த வேலை, கறுத்த தோலுக்கு. வேலைக்கும் பிறப்புக்கும் முடிச்சுப் போடும் அக்கொடுமையை, வருணாசிரமம் கண்ட நாட்டார்க்கு விளக்கிக் கூற வேண்டுமா? 1920 முதல் அவருடைய சொந்தப் பத்திரிகை யூத இனத்தார்மீது வெறுப்பைக் கக்கிற்று. 1927-இல் மன்னிப்புக் கேட்டார். எனினும் 1938-இல், தம் எழுபத்தைந்தாம் பிறந்த நாளில், இட்லரின் ஆட்சி அளித்த பதக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

தொழிலாளர் சங்கத்தை அவர் பார்த்த பார்வை என்ன? 1932 மார்ச் 7-இல், வேலையிழந்தோர் பசியோடு அணிவகுத்து அவருடைய தொழிற்சாலையை நோக்கி நடந்தனர். காவலரும் நிறுவனத்தின் காவலாட்களும் சுட்டனர்; நால்வர் மாண்டனர், காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். 1937 மே 26-இல், துண்டறிக்கை வழங்க வந்த சங்கத்தார் நிறுவனத்தின் ஆட்களால் அடித்து நொறுக்கப்பட்டனர். மற்ற இரு பெரும் கார் நிறுவனங்கள் 1937-இலேயே சங்கத்தை ஏற்க, ஃபோர்டு நிறுவனம் 1941-இல் வேலைநிறுத்தம் நடந்த பிறகே பணிந்தது. கேட்காமலே இரட்டிப்புக் கூலி கொடுத்த கை, கேட்டவுடன் ஏன் தடியை எடுத்தது? விடை எளிது. கொடுப்பது எசமானனின் பெருமை. கேட்பது தொழிலாளியின் உரிமை. பெருமையை விரும்பியவர் உரிமையை விரும்பவில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தமிழர் பழமொழி. செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். சோறு போட்டவனைக் குறை கூறுவது பண்பாகுமா?" என்பர். கேள்வி நியாயமானதே. ஆகவே நிறுத்திக் கேட்போம்: யார் உப்பை யார் தின்றது? இதோ நம் தலைக்குமேல் நிற்கும் இம்மலையிலே, 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார் என்று ஏடுகள் கூறும். ஏற்காட்டின் தந்தை என்றே அவரைப் புகழ்வாரும் உண்டு. காப்பியைக் கொண்டுவந்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. காடு திருத்தியவன் பெயர்? அட்டை கடிக்கக் கடிக்கக் குழி தோண்டியவள் பெயர்? எந்த ஏட்டிலும் இல்லை! உப்பு எசமானன் வீட்டுப் பானையிலிருந்து வந்ததாக எழுதி வைத்தனர். அது தொழிலாளியின் நெற்றி வியர்வையிலிருந்து வந்ததென்பதை எழுத மறந்தனர்.

அப்படியானால் நன்றியுணர்வே வேண்டாமென்கிறோமா? இல்லை, தோழர்களே! பொங்கல் திருநாளில் கதிரவனுக்கும் காளைக்கும் நன்றி கூறுகிறோம். கதிரவன் நம்மை எண்ணியா ஒளி வீசுகிறான்? இல்லை என்பதறிந்தும் மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி நம்மைத் தாழ்த்துவதில்லை. ஏனெனில், "ஒளி கொடுத்தேன், ஆகவே வாய் திறவாதே" என்று கதிரவன் கட்டளையிடுவதில்லை. பெற்ற நன்மையை மறவாதிருப்பது பண்பு. அந்நன்மையைக் காட்டி நம் அறிவையும் நாவையும் அடகு கேட்டால், அதற்கு இணங்குவது பண்பன்று, அடிமைத்தனம். நன்றி என்பது நிமிர்ந்த தலையோடு சொல்லக்கூடிய சொல்லாயிருக்க வேண்டும்.

மற்றொன்றும் எண்ணுவோம். ஃபோர்டு ஒருவர் நல்லவராகவே இருந்தார் என்று வைத்துக்கொண்டாலும், நிறுவனம் நல்லதாயிருக்க அது போதுமா? 1916-இல் பங்குதாரர்களான டாட்ஜ் உடன்பிறந்தார் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். விலையைக் குறைத்து, மேலும் பலர்க்கு வேலை தர விரும்புகிறேன் என்றார் ஃபோர்டு. 1919-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், வணிக நிறுவனம் முதன்மையாகப் பங்குதாரரின் இலாபத்துக்காகவே நடத்தப்படுவது என்று கூறி, இலாபத்தைப் பங்கிட ஆணையிட்டது. பாருங்கள்! முதலாளியே ஈகை செய்ய நினைத்தாலும், சட்டம் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறது. அத்தகைய அமைப்பிலே பாட்டாளியின் வாழ்வை முதலாளியின் மனப்பக்குவத்தில் தொங்கவிடுவது, கொண்டை ஊசி வளைவிலே தடை பிடிக்காத வண்டியை ஓட்டுவது போன்றது.

நிறுவனர் 1947-இல் மறைந்தார். நிறுவனம் நீடித்தது, அதன் பெயர் பட்ட பாடும் நீடித்தது. 1971 மாடலாக வெளிவந்த 'பிண்டோ' என்னும் சிறு காரிலே, பெட்ரோல் தொட்டி பின்புறம் அமைந்திருந்தது. பின்னாலிருந்து வண்டி மோதினால் தீப்பற்றும் இடர். 1978-இல் சுமார் 15 இலட்சம் வண்டிகளைச் சீர்திருத்தத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நிறுவனத்தார் 1973-இல் அரசுக்கு அனுப்பிய கணக்கொன்று ஊரறிய வெளிவந்தது. ஒரு வண்டியைத் திருத்த 11 டாலர். ஓர் உயிர் போனால் நட்டம் 2,00,000 டாலர். பெருக்கிக் கூட்டினால் திருத்தும் செலவே அதிகம்! பகுத்தறிவாளர் பாதி உண்மை பேசலாகாது: அக்கணக்கு பிண்டோவைப் பற்றியதன்று, கவிழும் வண்டிகள் பற்றிப் பொதுவாக எழுதப்பட்டது, உயிரின் விலையும் அரசுத் துறை ஒன்று குறித்த தொகையே. ஆனால் அதனால் கொடுமை குறைந்ததா? கூடிற்று என்போம். உயிருக்கு விலைச்சீட்டு ஒட்டியது ஒரு முதலாளியின் தனிக்குற்றமன்று, நாகரிக உலகின் பழக்கம் என்றல்லவா தெரிகிறது!

அதே நிறுவனம் 2006-இல் ஏறத்தாழ 2,300 கோடி டாலர் கடன் வாங்கிற்று. தொழிற்சாலைகளோடு, தன் பெயர் பொறித்த நீல முட்டை வடிவச் சின்னத்தையும் ஈடு வைத்தது, 2012-இல் மீட்டது. புகழ் என்பது அடகுக் கடையில் வைக்கத்தக்க பொருள் என்பதை இதைவிட விளங்கக் காட்ட முடியுமா? விற்கவும் அடகு வைக்கவும் முடிந்தது வணிகப் புகழ். பாரியின் புகழை எந்த வங்கியும் ஈடாகப் பெறாது.

இனி நம் வீட்டுக் கதை. 1926-இலேயே இந்தியாவில் கிளை கண்ட ஃபோர்டு, 1950-களிலே அதை மூடிற்று. மீண்டும் 1995-இல் மகிந்திரா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து வந்தது. தொழிற்சாலை எழுந்த ஊர் எது? மறைமலை நகர்! கொப்பரையில் மொழிகளைக் கரைத்த நிறுவனம், தனித்தமிழ்த் தந்தையின் பெயர் தாங்கிய நகரிலே பந்தல் போட்டது. நாம் வருந்தவில்லை, வரவேற்றோம். ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர் அங்கே தொழில் கற்றனர், வீடு கட்டினர், தங்கையரைப் படிக்க வைத்தனர். ஆனால் 2021 செப்டம்பர் 9-இல் அறிவிப்பு வந்தது: பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம், இந்தியாவில் கார் உற்பத்தி நிறுத்தம். குசராத்திலும் இங்குமாக ஏறத்தாழ 4,000 பேர் பாதிப்பு. 2022-இல், விலகும்போதாவது நேர்மையான இழப்பீடு தருக என்று மறைமலை நகர்த் தொழிலாளர் போராட்டத்தில் அமர்ந்தனர். அவ்வாண்டு சூலையோடு அங்கே உற்பத்தி ஓய்ந்தது. பின்னர் 2024 செப்டம்பரில், அத்தொழிற்சாலையை ஏற்றுமதிக்காகத் திறக்கும் எண்ணம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்சின்கள் செய்யத் தமிழ்நாட்டு அரசோடு உடன்படிக்கையாயிற்று. உற்பத்தி தொடங்கக் குறித்த ஆண்டு 2029.

வந்தபோது வள்ளல் வந்தார் என்று ஆரத்தி எடுத்தோர், போனபோது வஞ்சகர் போனார் என்று மண்ணை வாரித் தூற்றினர். திரும்பும் செய்தி கேட்டு மறுபடியும் ஆரத்தித் தட்டைத் தேடுகின்றனர். இரண்டுமே புராணக் கண்ணின் கோளாறு. தேவரென்றும் அசுரரென்றும் பிரித்துப் பார்த்தே பழகிய கண் அது. வந்தவர் தேவருமல்லர், போனவர் அசுரருமல்லர். வந்ததும் கணக்கால், போனதும் கணக்கால், திரும்புவதும் கணக்கால். கணக்கோடு வருபவரை நாமும் கணக்கோடு எதிர்கொள்வதே அறிவு. எங்கள் நிலம் இது, நீர் இது, எங்கள் பிள்ளைகளின் திறமை இது. நீர் தரும் கூலி என்ன, பாதுகாப்பு என்ன, போகும்போது தருவது என்ன என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குவது நன்றிகெட்டதனமன்று. இரு தரத்தாரும் மனிதர் என்பதற்கான அடையாளம்.

இவ்வாண்டு அப்பாடத்தை மறுபடியும் நடத்தினோம். சென்ற ஆண்டுகளில் தவறாகக் கூறிவந்தோமென்று பிள்ளைகள்முன் ஒப்புக்கொண்டோம். ஆசிரியர் தவறு ஒப்புவது குறைவு என்று எண்ணுவோர் எண்ணிக்கொள்ளட்டும். "வள்ளல்" என்று எழுதிய இடத்திலே "வணிகர்" என்று எழுதினோம். உடனே வேறொரு மாணவி எழுந்தாள்: "ஐயா, வணிகர் என்றால் கெட்டவரா?"

இல்லை, அம்மா. வள்ளலின்முன் நீட்டிய கை கீழே இருக்கும். கொடுப்பவன் கை மேலே இருக்கும். வணிகனின்முன் நீட்டும் கைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நீ உழைப்பைக் கொடுக்கிறாய். அவர் கூலியைக் கொடுக்கிறார். அவர் நேர்மையாக நடந்தால் மதித்திடு. நேர்மை தவறினால் கேட்டிடு. எந்நாளும் கையை மட்டும் கீழே இறக்காதே.

வெளியே, முதல் வளைவிலே ஏதோ ஒரு கார் உறுமிக்கொண்டு ஏறிற்று. பிள்ளைகள் வழக்கம்போல் அதன் பெயரைக் கூவினர். அதன் பெயரை அறிந்தாயிற்று. அதைச் செய்த கைகளின் பெயரையும் கேட்கும் நாள் வரட்டும். அந்நாளில்தான் நம் பாடம் முற்றுப்பெறும்!